வாங்க ஆளில்லாத எலக்ட்ரான்

"உப்பில் சோடியம் விடும் எலக்ட்ரானைக் குளோரின் வாங்கிக்கொள்கிறது, சரி. சூரியனில் கால்சியம் அயனியாக இருக்கிறது என்கிறீர்களே, அங்கே வாங்கிக்கொள்வது யார்?" பிளஸ் ஒன் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

யாரும் வாங்க வேண்டியதில்லை. எலக்ட்ரான் ஒன்று கழன்றாலே அணு நேர் அயனிதான். சூடான வாயுவில் துகள்கள் மோதியோ, ஒளி தாக்கியோ வெளிவட்ட எலக்ட்ரான் பிய்ந்துபோகும். இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். வியப்பு கணக்கில் இருக்கிறது.

கால்சியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க 6.11 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அந்தச் சூட்டில் ஒரு துகளுக்குக் கிடைப்பது அரை எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஆற்றலை மட்டும் பார்த்தால் எலக்ட்ரான் கழன்றிருக்க இரண்டு லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். ஆனால் அங்கே எலக்ட்ரானை இழக்காத கால்சியம் அணு ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றுதான்!

1920-ல் கல்கத்தாவில் இருந்த 26 வயது இயற்பியலாளர் மேகநாத் சாகா இதை விளக்கினார். கழற்றுவது எவ்வளவு கடினம் என்பதோடு, திரும்பி வருவது எவ்வளவு அரிது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்தார். அணுவுக்குள் எலக்ட்ரான் தங்கக்கூடிய நிலைகள் சொற்பம். வெளியிலோ வாயு மிக மெலிந்து கிடக்கிறது. அங்கே ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் இடம், அது பாயக்கூடிய வேகங்கள், திசைகள் எல்லாம் சேர்ந்தால் உள்ளே இருந்ததைப் போல சுமார் இருபது கோடி மடங்கு நிலைகள். இருபது கோடியை இரண்டு லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: ஆயிரம். கயிற்றை அறுத்துக்கொண்டு பெரிய மேய்ச்சல் நிலத்தில் திரியும் கன்று தற்செயலாக முளைக்குச்சிப் பக்கம் வந்தால்தானே மறுபடி கட்ட முடியும்? நிலம் பெரிதாகப் பெரிதாக அது கட்டுக்குள் வரும் வாய்ப்பு குறைகிறது. வெப்பநிலை ஏறாமலே, அடர்த்தி குறைந்தால் மட்டும் போதும், அயனிகள் பெருகும். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்தது இந்தக் கால்சியம் அயனி தரும் 393.4 நானோமீட்டர் ஊதா ஒளியில்தான். அடுத்தடுத்த தலைமுறைகள் விடாமல் சேர்த்த படங்கள் அவை. இப்படிப்பட்ட வேலையைப் பார்த்து 'உடனே என்ன பயன்?' என்று கேட்டு நிதியை வெட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சாகாவுக்கே தன் கோட்பாட்டைச் சோதிக்க இங்கே கருவி இல்லாமல், பெர்லினில் வேதியியலாளர் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சோதனை வேறொரு வழியிலும் வந்தது. சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். ரூபிடியம் என்ற தனிமத்தின் கோடுகள் அப்போது அதில் தென்படவே இல்லை. அதன் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க 4.18 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். அதனால் ஏறக்குறைய முழுவதும் அயனியாகியிருக்கும், அந்த அயனி கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் கோடு காட்டாது, வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தேடுங்கள் என்றார் சாகா. அமெரிக்காவில் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் தேடினார். சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் ரூபிடியம் இருந்தது.