வில் நடுங்கும் இடம்

வயலின்காரர்களை மேடையில் பதறவைப்பது வேகமான பகுதி அல்ல. மெதுவாக, சன்னமாக, ஒரே வில்லில் இழுக்க வேண்டிய நீண்ட ஸ்வரம்தான். வீட்டில் பட்டுப் போல வந்தது, மேடையில் பாதி வில்லைத் தாண்டியதும் விட்டுவிட்டு ஒலிக்கத் தொடங்கும். காரணம் எளிய இயற்பியல். வில்லின் எடை ஏறக்குறைய 60 கிராம், நீளம் முக்கால் மீட்டர், பிடி ஒரு முனையில் மட்டும். எல்லார் கையிலும் எந்நேரமும் நொடிக்கு 8 முதல் 12 முறை ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக அது கண்ணில் படாது. பதற்றத்தில் உடல் சுரக்கும் அட்ரினலின் ஏறினால் அதன் வீச்சு பெருகும். வில்லுக்கும் தந்தியின் மேல் தனக்கென்று ஒரு துள்ளல் உண்டு. பிடிப் பக்கம் மெதுவாகத் துள்ளும், நுனிப் பக்கம் வேகமாகத் துள்ளும். இடையில் எங்கோ ஓரிடத்தில் கையின் நடுக்கமும் வில்லின் துள்ளலும் ஒத்துப்போகும். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. அழுத்தி வாசிக்கும்போது தந்தியே வில்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சன்னமாக வாசிக்கும்போது பிடித்துக்கொள்ள ஆளில்லை.

இதே அட்ரினலின்தான் அரை மணி நேரம் கழித்து அதே கலைஞரை, வீட்டில் ஒருநாளும் எட்டாத உயரத்துக்கு வாசிக்கவும் வைக்கும். ‘மேடை இல்லாமல் இருக்க முடியாது’ என்பவரே ‘இன்றைக்குக் கச்சேரி ரத்தானால் நன்றாயிருக்கும்’ என்றும் அதே மாலையில் சொல்வார். கேட்பவர்கள் பாவனை என்று நினைப்பார்கள். பாவனை இல்லை. ஒரே உடல் நிகழ்ச்சியை இரண்டு வெவ்வேறு நேரத்தில் விவரிக்கிறார், அவ்வளவுதான். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் 1901-ல் சான்பிரான்சிஸ்கோ அருகே மலை ஏறியபோது பாறை உருண்டு இடது கையை நசுக்கியது. இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதிதான் முதலில் தோன்றியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் 90 வயதைத் தாண்டியும் அவர் மேடையை விடவில்லை.

அட்ரினலின் அவசரக்காரன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அதை ஊற்றிய சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கும். ரத்தத்தில் கலந்தது இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். படபடப்பு நீடிக்கிறதென்றால், மனம் விடாமல் ஆபத்து ஆபத்து என்று மணியடித்துக்கொண்டிருப்பதால் உடலும் விடாமல் ஊற்றுகிறது என்று பொருள். பதற்றத்தில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் நிதானமான ஆள். தூண்டல் தொடங்கி 20, 30 நிமிடத்தில் உச்சிக்குப் போகும். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் நேரமும் வாசிப்பின் முதல் சில நிமிடங்களும்தான் பெரும்பாலோருக்கு மோசமானவை. அதனால் நிகழ்ச்சியின் முதல் உருப்படியாக நடுவேகத்தில், உரத்து வாசிக்கக்கூடிய, கைக்கு நன்றாகப் பழகிய ஒன்றை வைப்பதே புத்திசாலித்தனம். உருக்கமான மெல்லிய பகுதியை முதலில் வைப்பவர்கள் தங்கள் உடலோடு வீண் சண்டைக்குப் போகிறார்கள். அது மூன்றாவதாக வரட்டும்.

வேதிப்பொருள் ஒன்றானாலும் அது அடிக்கும் இடம் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல் நுனி சில்லிட்டுப்போகும், உள்ளங்கையோ வியர்க்கும். பியானோ வாசிப்பவருக்கும் கிட்டார் வாசிப்பவருக்கும் இதைவிட மோசமான சேர்க்கை வேண்டியதில்லை. மேடையேறும் முன் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து நன்றாகத் துடைத்துக்கொள்வது அலங்காரமல்ல, அவசியம். புல்லாங்குழல்காரருக்கு வாய் வறண்டு உதடு துடிக்கும். தண்ணீரை மடமடவென்று குடிப்பதைவிட நாக்கின் ஓரத்தை மெல்லக் கடித்தால் உமிழ்நீர் சீக்கிரம் ஊறும். பாடுபவருக்கு மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடும், குரல்வளை சற்றே மேலேறும், நீண்ட வரி பாதியில் முறியும். டிரம் வாசிப்பவர் பெரிய தசைகளை வைத்து வேலை செய்பவர் என்பதால் அவருக்கு இது பெரும்பாலும் லாபம்தான். ஒரே ஒரு சிக்கல்: வேகம் ஓடும். இதயம் நிமிடத்துக்கு 120 அடிக்கும்போது, 80-ல் போக வேண்டிய பாட்டு 80-ல் போனாலும் இழுவையாகத் தோன்றும். ஆரம்பிக்கும் முன் பாட்டின் தொடக்கத்தை மனத்தில் ஓட்டுவதற்குப் பதில், அதன் மிக நெருக்கடியான இடத்தை ஓட்டிப்பார்த்து, அங்கே எந்த வேகம் தாங்குமோ அந்த வேகத்தில் தொடங்குவது பழைய, நம்பகமான வழி.

நடுக்கத்தைவிடக் கொடியது மறதி. நூற்றுக்கணக்கான முறை வாசித்த உருப்படி கைப்பழக்கமாக உள்ளே பதிந்திருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததை இழுத்துவரும். பயத்தில் கவனம் விரல்மீது விழுந்தவுடன் அந்தச் சங்கிலி தடுக்கும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் தடுமாறுவோமே, அதே கதை. சங்கிலி அறுந்தால் அதன் இயல்புப்படி மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க முடியும். மேடையில் அதற்கு வழியில்லை. உளவியலாளர் ரோஜர் சாஃபின், பாக் இயற்றிய இத்தாலியன் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியைப் பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரே மனனம் செய்வதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவுசெய்து ஆராய்ந்தார். தேர்ந்த கலைஞர்கள் உருப்படி நெடுக மைல்கற்களை நட்டுவைக்கிறார்கள் என்பது அதில் தெளிவானது: இங்கே இந்த விரல் மாற்றம், இங்கே மெல்லிதாகப் போக வேண்டும், இங்கே புதுப் பகுதி தொடங்குகிறது. கை தவறினால் அடுத்த கல்லுக்குத் தாவிவிடலாம். பயிற்சி செய்வது எளிது. உருப்படியில் எட்டு, பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி, வந்த இடத்திலிருந்து சட்டென்று தொடங்க வேண்டும். முதலிலிருந்து மட்டுமே வாசிக்கத் தெரிந்த உருப்படி மேடைக்குத் தயாரில்லை.

இனி சத்தம். காலி அரங்கில் சவுண்ட் செக் செய்து திருப்திப்பட்டவர், ஆட்கள் நிரம்பியதும் வேறு ஊருக்கு வந்ததுபோல் உணர்வார். மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும். வியன்னாவின் புகழ்பெற்ற மியூசிக்ஃபெராய்ன் அரங்கில் காலியாக இருக்கும்போது எதிரொலி அடங்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும்; நிரம்பிவிட்டால் 2 விநாடி. அந்த ஒரு விநாடி போனதும் வாசிப்பு வறண்டு கேட்கும், கலைஞர் தன்னையறியாமல் அழுத்தி வாசிப்பார், தொண்டையோ கையோ சீக்கிரம் களைக்கும். வெப்பமும் சும்மா இருக்காது. மேடை விளக்கின் சூட்டில் உலோகத் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும், குழலுக்குள் காற்று சூடாகி சுருதி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால், பத்து நிமிடம் முன்பு சேர்ந்திருந்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். வாத்தியங்களை மேடைச் சூட்டிலேயே கால் மணி நேரம் வைத்துவிட்டுக் கடைசியாகச் சுருதி சேர்ப்பதுதான் வழி.

தூரமும் கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் தாளம் 29 மில்லிவிநாடி தாமதித்துக் காதில் விழும். 25, 30-ஐத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55 ஆயிரம் பேருக்கு மேல் கூச்சலிட்டபோது பீட்டில்ஸ் குழுவினரிடம் இருந்தவை வெறும் 100 வாட் ஆம்ப்கள் (ஒலிபெருக்கும் கருவிகள்). தங்கள் குரலைத் தாங்களே கேட்க மானிட்டர் கிடையாது. முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்ததாக டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொன்னார். மறு ஆண்டே அவர்கள் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர்கள் வந்துவிட்டன. தாமதம் குறைந்தது, ஊளைச் சத்தம் ஒழிந்தது. ஆனால் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து காணாமல் போனது; கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பாடுவது போலிருக்கிறது என்பது பலரின் குறை. அதனால் சிலர் ஒரு காதைக் கழற்றித் தொங்கவிடுகிறார்கள். இது தவறு: இரண்டு காதிலும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் உரப்பு போய்விடுவதால், மீதமுள்ள காதில் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள். 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதி என்ற பாதுகாப்புக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மேடை ஓரத்தில் ரசிகர்களை நோக்கி இரண்டு மைக் வைத்து, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கலந்து இரண்டு காதுக்கும் அனுப்பச் சொல்வதே சரி.

மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ரொப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதய நோயாளிகளுக்காக உருவானவை. தந்தி வாத்தியக் கலைஞர்களுக்கு இவ்வகை மருந்தைக் கொடுத்துச் செய்த சோதனை 1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, நடுக்கம் குறைந்தது. அமெரிக்க இசைக்குழுக்களில் 2,212 பேரிடம் 1980-களில் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள், அவர்களில் பலர் மருத்துவர் சீட்டு இல்லாமல். மருந்து இதயத்தையும் கையையும் அடக்கும், மனத்திலுள்ள கவலையை நேரடியாகத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து நாற்காலிக்காரர் நீட்டும் மாத்திரையை வாங்கிப் போடுவது முட்டாள்தனம்.

மருந்தில்லா வழிகளில் ‘அமைதியாக இரு’ என்று சொல்லிக்கொள்வது ஏறக்குறைய பயனற்றது. துள்ளும் குதிரையிடம் தூங்கச் சொல்வது போல. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாடும் முன் ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று உரக்கச் சொன்னவர்கள் கரோக்கி இயந்திரத்தின் கணக்கில் சராசரியாக 80 சதவீதம் எடுத்தார்கள். ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் 53, எதுவும் சொல்லாதவர்கள் 69. படபடப்பு அப்படியே இருந்தது, அதன் பெயர்தான் மாறியது. இன்னொரு நல்ல பயிற்சி: படிக்கட்டில் இரண்டு மாடி ஓடி ஏறி, மூச்சு வாங்கும்போதே வாத்தியத்தை எடுத்து, பதிவுக் கருவியை ஓடவிட்டு, முதல் உருப்படியை ஒரே ஒரு முறை வாசிப்பது. நன்றாக வராவிட்டாலும் அன்றைக்கு இரண்டாவது முயற்சி கூடாது.

அந்த இரண்டாவது முயற்சி இல்லாமைதான் பியானோ கலைஞர் கிளென் கூல்டை மேடையிலிருந்து விரட்டியது. 1964-ல் 31 வயதில் மேடையை விட்டவர், 1982-ல் இறக்கும்வரை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இருந்துவிட்டார். 1953-ல் ஒதுங்கிய இன்னொரு பியானோ கலைஞர் விளாதிமிர் ஹொரோவிட்ஸோ 12 ஆண்டு கழித்து 1965-ல் நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடைக்குத் திரும்பி வந்தார். திரும்ப இழுப்பது என்ன? சூரிச் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்த 27 பேருக்குப் பியானோ இசையை நேரடியாகவும் பதிவாகவும் கேட்கவைத்தார்கள். நேரடி இசைக்கு மூளையில் உணர்ச்சி சார்ந்த அமிக்டலா பகுதி கூடுதலாகவும் சீராகவும் எழுந்தது. வாசித்தவர் கேட்பவரின் மூளைச் செயல்பாட்டை உடனுக்குடன் பார்த்து வாசிப்பை மாற்றிக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் ருசியான விஷயம். அரங்கில் கலைஞர் இதையே இருமல் அடங்குவதையும் நாற்காலி கிறீச்சிடாததையும் வைத்துச் செய்கிறார். பாடுவது, வாசிப்பது, ஆடுவது ஆகியவை வலி தாங்கும் அளவைக் கூட்டுகின்றன, சும்மா கேட்பது கூட்டுவதில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2012-ல் காட்டியது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் ஊறுவதன் அறிகுறி அது.

கச்சேரி முடிந்தபின் அட்ரினலின் நிமிடங்களில் வடிந்துவிடும். கார்டிசாலும் எண்டார்ஃபினும் அவ்வளவு சீக்கிரம் போகாது. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது, பசிக்கும், காதில் ரீங்காரம் இருக்கும். நினைவு ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே எடைபோடும். நீளத்தை அவ்வளவாகக் கணக்கில் எடுக்காது. பின்மேடையில் வயிறு புரட்டிய மூன்று மணி நேரம் அதற்குள் மங்கிவிட்டிருக்கும். அடுத்த கச்சேரிக்குத் தேதி கேட்டு வரும் அழைப்புக்குச் சரி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.