ஸ்க்ரோல் சா பிளேடின் சுருதி

"ஜிக்சா இருக்கிறதே, அப்புறம் ஸ்க்ரோல் சா எதற்கு?" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஜிக்சா கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டும் மின்ரம்பம். ஸ்க்ரோல் சா, மரத்தை மேசையில் வைத்து நகர்த்தி நுணுக்கமான வளைவுகளை அறுக்கும் மின்ரம்பம். பூஜை மாடத்துக்கு மயில் வேலைப்பாடு அறுக்க ஆசைப்பட்டிருக்கிறார். 12 மி.மீ. தேக்குப் பலகையில் மயிலின் கழுத்து வளைவிலேயே ஜிக்சா முட்டி நின்றுவிட்டதாம்.

முட்டத்தான் செய்யும். ஜிக்சா தன் பிளேடை ஒரு முனையில்தான் பிடித்திருக்கிறது. மறுமுனைக்குப் பிடிமானம் இல்லை. அப்படி நின்று மரத்தோடு மல்லுக்கட்டப் பிளேடு தடித்து அகன்றிருக்க வேண்டும். அகன்ற பிளேடு, தான் அறுத்த தடத்துக்குள் திரும்ப முடியாது. ஸ்க்ரோல் சாவில் போடும் 5-ஆம் எண் பிளேடோ சுமார் 1 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. தடிமன்தான். இந்த மெல்லிய தகடு தேக்கை எப்படி அறுக்கிறது?

பூக்கட்டும் வாழை நார் ஒன்றை எடுங்கள். ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை மேசையில் ஊன்றித் தள்ளினால் துவண்டு மடங்கும். இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, நடுவில் யாரையாவது விரலால் அழுத்தச் சொல்லுங்கள். அதே நார் இப்போது விரலை எதிர்த்து நிற்கும். நேர்கோட்டை விட்டு விலகப் பார்க்கும் நாரை இழுவிசை மறுபடி நேர்கோட்டுக்கே கொண்டுவருகிறது.

ஸ்க்ரோல் சாவில் அந்த இரண்டு கைகளும் இரும்பால் ஆனவை: மேலே ஒன்று, கீழே ஒன்று. மோட்டாரின் சுழற்சி ஏற்ற இறக்கமாக மாறுவதைத் தையல் மெஷினில் பார்த்திருப்பீர்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இரண்டு கைகளும் சேர்ந்தே ஏறி இறங்குவது. அதனால் பிளேடின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதே இல்லை. இறங்கும்போது கீழ்க்கை இழுக்கிறது, ஏறும்போது மேல்கை இழுக்கிறது. பிளேடு ஒரு நொடிகூடத் துவளுவதில்லை.

சரி, எவ்வளவு இறுக்குவது? மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை விரலால் சுண்டுங்கள். மந்தமாக ஒலித்தால் தளர்வு. 'கிண்' என்று உச்சத்தில் ஒலித்தால் சரி. தஞ்சாவூரில் பலா மரத்தில் கடைந்த வீணைக்குப் பிருடை என்னும் முறுக்காணியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதும் இதே இயற்பியல்தான். இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும் என்று பிளஸ் ஒன்னில் படித்திருப்போம். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஆராயும் சுரமானி என்ற கருவியை அங்கே பார்த்திருப்போம். அந்தச் சுரமானி அலமாரிக்குள்ளேயே கிடக்கக் கூடாது என்பது என் ஆசை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வீணை பிறக்கும் ஊரில், பள்ளிக்கு ஒரு மரப் பட்டறை வைக்கப் பணம் ஒதுக்கினால் என்ன?

மற்ற கருவிகளும் வேண்டும். பெரிய பலகையை, வட்டப் பிளேடு சுழலும் சர்க்குலர் சாவில் அளவுக்கு வெட்டி, வெளி விளிம்பை ஜிக்சாவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மயிலின் தோகைக்குள் வரும் துளைகளுக்கு டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி அதன் வழியே நுழைத்து மாட்ட வேண்டும். பற்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் அறுக்கும் விசை பலகையை மேசையோடு அழுத்தும். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறிய பலகையைத் தொடாதீர்கள். மரத்தூள் பற்களில் அப்பிக்கொள்ளும்.

பிளேடு பட்டென்று அறுந்தால் அபசகுனம் என்று அன்றைக்கு வேலையையே நிறுத்துகிறவர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும் எஃகு களைத்துத்தான் போகும். பயப்படாமல் புதியதை மாட்டுங்கள்.

மயிலின் கழுத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, பலகையை முன்னே தள்ளாமல் பிளேடைச் சுற்றியே மெல்லத் திருப்புங்கள். வளைவு முடிந்ததும் பழையபடி முன்னே நகர்த்தலாம்.