பென்ஷனும் சேமிப்புப் பணமும்: எதற்கு வரி, எதற்கு இல்லை?

கோபி, பவானி பக்கம் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பலர், சேமிப்பை எடுத்தால் மொத்தத் தொகைக்கும் வரி வந்துவிடும் என்று பயந்து பணத்தைத் தொடுவதே இல்லை. அந்தப் பயம் வேண்டியதில்லை. ஓய்வின்போது அரசு ஊழியர் வாங்கும் ஜி.பி.எஃப். (அரசு ஊழியர் சேமநல நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), விடுப்புச் சம்பளம் எதற்கும் வரி கிடையாது. வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்ட பி.பி.எஃப். சேமிப்பின் முதிர்வுத் தொகைக்கும் இல்லை. டெபாசிட் முதிர்ந்து திரும்பி வரும் அசலும் வருமானம் ஆகாது.

வரிக்கு உட்பட்டவை மாதப் பென்ஷனும் டெபாசிட் வட்டியும்தான். இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு மாதம் 45,000 ரூபாய் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5,40,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டிருக்கிறார், 8.2 சதவீதப்படி வட்டி 1,64,000. ஆக 7,04,000. இதில் பென்ஷன்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் மீதி 6,29,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம், அதாவது 11,450 ரூபாய் வரி. ஆனால் வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அது முழுதும் தள்ளுபடி. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

சரி, அப்புறம் ஏன் வரி என்று முன்கூட்டியே பணம் பிடிக்கிறார்கள்? கருவூலம் பார்ப்பது பென்ஷனை மட்டும். வங்கி பார்ப்பது வட்டியை மட்டும். மூத்த குடிமக்களின் வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்துவிடும். இவருக்கு 16,400 ரூபாய் போய்விடும். அந்த நிதியாண்டுத் தொடக்கத்திலேயே, தனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15எச் படிவத்தை வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலும் ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வரி இல்லையே என்று ரிட்டர்னை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிய வரி முறையில், நிலைக்கழிவு போன பிறகும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம்.

குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கு அந்த 75,000 கழிவு கிடையாது. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதைத்தான் கழிக்கலாம்.

நம் ஊரில் பலருக்குத் தென்னந்தோப்போ மஞ்சள் காடோ இருக்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்கும்போது அதையும் சேர்ப்பார்கள். ரிட்டர்னில் அதை மறைக்காமல் காட்டுங்கள்.