அட்டைல மிஞ்சுற அந்த 7 மாத்திரை

மூணார் மலைப்பக்கம் முதுவர் பழங்குடி ஊர்களுக்கு மெடிக்கல் கேம்ப் போக ஆரம்பிச்ச புதுசுல ஒண்ணு எனக்கு புரியவே இல்ல. பொண்ணுங்க காட்டுற மாலா டி கருத்தடை மாத்திரை அட்டைல வெள்ளை மாத்திரை 21ம் காலியா இருக்கும், கடைசி 7 பிரவுன் மாத்திரை மட்டும் தொடாம அப்படியே இருக்கும், ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, நிறைய பேர் அட்டை அப்படித்தான். ஒரு அக்காகிட்ட கேட்டேன். "அது வரைக்கும் போனா தூரமாயிருவோம்ல டாக்டரம்மா"ன்னாங்க.

விஷயம் இதான். வெள்ளை மாத்திரைல ஹார்மோன் இருக்கு, அத நிறுத்துற 7 நாள்லதான் உதிரம் வரும். அந்த கேப் விடாம அடுத்த அட்டைய பிரிச்சா பெரும்பாலும் தூரம் ஆகாது, தூரமான பொண்ணுங்கள ஒதுக்கி வைக்கற வாலாய்மைப்புரைக்கும் போக வேண்டாம். மாசாமாசம் வீட்ட விட்டு தள்ளி ஒரு குடிசைல, மழையிலயும் குளிர்லயும் ஒதுங்கி இருக்கணும், பிரசவமும் அங்கதான்னா யாருக்குத்தான் அந்த மாத்திரை பெருசா தெரியாது? முதுவர் இருக்கற இடமலக்குடி 2010ல கேரளாவோட முதல் பழங்குடி பஞ்சாயத்து ஆச்சு, ஆனா பஞ்சாயத்து வந்ததும் புரை போயிரல.

இதுல கொடுமை என்னன்னா அவங்க விட்டுட்டு போற அந்த பிரவுன் மாத்திரைதான் இரும்புச்சத்து. கண்ண இழுத்து பாத்தா ரத்தசோகைல உள்ள வெளுத்து கிடக்கும், மருந்து குப்பைல கிடக்கும்.

மாத்திரைதான் வில்லன்னு எழுதுறவங்கள நான் ஒத்துக்க மாட்டேன். டாக்டர் பாத்து குடுத்தா கேப் விடாம போடலாம்தான், அதனால நிரந்தரமா மலடும் ஆகாது. ஆனா பிபி பாக்காம போடறது, 35 தாண்டி பீடி பிடிக்கறவங்க போடறது, தலைவலி வரும்போது கண்ணுல மின்னல் அடிக்கறவங்க போடறது எல்லாம் ரத்தக்கட்டு, ஸ்ட்ரோக் வரைக்கும் கொண்டு போயிரும்.

மகாராஷ்டிரா கட்சிரோலில மாடியா கோண்டு பழங்குடி மக்கள் தூரமான பொண்ணுங்கள ஒதுக்கி வைக்கற குர்மா கர் குடிசைக்கு பதிலா கட்டில், கக்கூஸ், லைட்டோட நல்ல கட்டிடம் கட்டி குடுத்தாங்க. பாம்பு பயம் குறையும், சரி. ஆனா ஒதுக்கறதுக்கு சிமெண்ட் பூசின மாதிரியும் எனக்கு படுது, முடிவா சொல்ல தெரியல.

நாங்க இப்போ இரும்புச்சத்து மாத்திரைய தனியா குடுக்கறோம், பிபி பாக்கறோம், ஆம்பளைங்களயும் உக்கார வெச்சு பேசறோம். ஒரு குடியோட காணி, அதாவது ஊர்த் தலைவர், "நான் பொறந்ததே அந்த புரைலதான், அத எப்படி இடிக்க"ன்னாரு. இடிக்க சொல்லல, பரீட்சைக்கு முந்தின ராத்திரி உங்க மக எங்க உக்காந்து படிக்கும்னு மட்டும் கேட்டேன். எதுவும் பேசல. அடுத்த கேம்புக்கு மகள அவரே கூட்டிட்டு வந்து பிபி பாக்க சொன்னாரு.