ரேஷன்: சொல்லின் கணக்கும் தமிழின் படியும்

ரேஷன் என்ற சொல்லை அறியாத வீடு சென்னையில் கிடையாது. கடையின் பெயர்ப்பலகையில் 'நியாயவிலைக் கடை' என்று எழுதியிருக்கும். கையிலிருப்பது 'குடும்ப அட்டை'. அரசாணையில் வருவது 'பொது விநியோகத் திட்டம்'. பேச்சில் மட்டும் ரேஷன் கடை, ரேஷன் கார்டு, ரேஷன் அரிசிதான். இதற்காக மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நியாயவிலை என்பது விலையைச் சொல்கிறது, குடும்ப அட்டை ஆளைச் சொல்கிறது, விநியோகம் சரக்கு போய்ச் சேருவதைச் சொல்கிறது. இந்த வீட்டுக்கு, இத்தனை நாளைக்கு, இவ்வளவு என்ற அளவைச் சொல்வது ரேஷன் ஒன்றுதான்.

அந்தச் சொல்லின் வேரும் அளவில்தான் இருக்கிறது. லத்தீனில் 'ராட்டியோ' என்றால் கணக்கு, விகிதம். காரணத்தையும் அறிவையும் குறிக்கும் 'ரீசன்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, படைவீரனுக்கு நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவு என்ற பொருள் அதற்கு நிலைத்தது. உலகப் போர்களின்போது பாசறையிலிருந்து ஊருக்குள் வந்தது. பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும்கூட ரேஷன் வந்துவிட்டது.

சென்னைக்கு இந்தச் சொல் வந்தது தட்டுப்பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும், சென்னை மாகாணம் நம்பியிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டு வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மாண்டார்கள். அதே 1943இல் சென்னை நகரத்தில் ரேஷன் முறை தொடங்கியது. 1952இல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாடு போனாலும் சொல் போகவில்லை. 'இதற்கு மேல் கிடையாது' என்ற போர்க்காலத் தடையின் சாயல் இன்றும் அதில் ஒட்டியிருக்கிறது. வீட்டில் தண்ணீர் குறைந்தால் 'குளிக்கத் தண்ணீர் ரேஷன்' என்று நாம் சொல்வது அந்தப் பொருளில்தான்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல்லாக அகராதிகள் தருவது 'பங்கீடு'. நல்ல சொல். ஆனால் இருப்பதைப் பிரித்துக் கொடுப்பதுதான் பங்கீடு. குவியல் சிறுத்தால் பங்கும் சிறுக்கும். ஈழத்தில் 'கூப்பன் அரிசி', 'சங்கக்கடை' என்ற வழக்குகள் வேரூன்றின; நம் ஊர்களிலும் 'சொசைட்டி' என்று சொல்பவர்கள் உண்டு. இவை சீட்டையும் நிறுவனத்தையும் குறிக்கின்றன. வெள்ளம் வந்தால் நாம் கேட்கும் 'நிவாரணம்' வடசொல். விலக்குதல், நீக்குதல் என்று பொருள். இடர் நீங்கியதும் அதன் வேலை முடிந்தது. மாதாமாதம் அடுப்பெரிய வேண்டிய வீட்டுக்கு அந்தச் சொல் போதாது.

என் கண்ணில் பொருத்தமான சொல் 'படி'.

முதலில் அது முகத்தலளவை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அந்த அளவையால் அளந்து கொடுத்த தானியத்துக்கும் படி என்றே பெயர் வந்தது. பிறகு வேலைக்கோ வாழ்வுக்கோ முறையாகத் தரப்படும் எதற்கும் அதுவே பெயரானது. பயணப்படி, பஞ்சப்படி, அகவிலைப்படி, காவலர்களுக்கான உணவுப்படி ஆகியவற்றில் இன்று பணம்தான் கைமாறுகிறது. பெயரில் இன்னும் நெல் இருக்கிறது. கோயிலின் அன்றாடச் செலவுக்கு வகுத்துவைத்த ஒழுங்குக்குப் 'படித்தரம்' என்று பெயர். 'படியளத்தல்' என்றால் அன்றாடம் உணவளித்துக் காப்பாற்றுதல். கிலோ கணக்கு நடைமுறைக்கு வந்த பிறகும், 1967 தேர்தலில் அண்ணா சொன்னது 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்பதுதான். அந்த ஒரு படி திட்டம் முதலில் தொடங்கியது சென்னையிலும் கோவையிலும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அது வகுத்திருக்கிறது. மருந்துகளின் பட்டியலும் உண்டு. நோயாளிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. நாழியும் படியைப் போல ஒரு முகத்தலளவைதான். மருந்துக்கும் சோற்றுக்கும் ஒரே கல்லில் கணக்கு எழுதியவர்கள் நம் முன்னோர்.

படி என்ற சொல்லுக்குக் கசப்பான வரலாறும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தச் சொல்லைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. செங்கல்பட்டு வட்டாரத்தில் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்தவர்களைப் 'படியாள்' என்றார்கள். படி வாங்கி உழைப்பவர் என்பதுதான் பொருள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். அளக்கிற கை அங்கே ஆளுகிற கையாக இருந்தது. படி உரிமையாக வேண்டுமானால் அளப்பவனின் மனத்தை நம்பி அது இருக்கக் கூடாது, சட்டத்தில் எழுதப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் செய்தது. தமிழ்நாட்டில் வறுமைக்கோடு பார்க்காமல் எல்லாருக்கும் அட்டை என்ற கொள்கை அதற்கு முன்பே இருந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது.

கடையில் இன்று படியும் இல்லை, மரக்காலும் இல்லை. எடை போடுபவர் அரிசியை அள்ளித் தராசுத் தட்டில் கொட்டுகிறார். பையை விரித்துப் பிடித்தபடி நிற்கும் பெண்ணின் கண், சிவப்பு எண்கள் நிலைக்கும்வரை அவற்றை விட்டு அகலாது. அதற்கு முன் கருவியில் விரல் வைக்க வேண்டும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்து ரேகை மழுங்கிய விரலென்றால் முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார்கள். அளவு பிசகக் கூடாது என்ற கவலையில் அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு இல்லை.

அந்த அளவு ஒரு குடும்பத்தின் உடல்நலத்துக்கு என்ன செய்யும் என்பதைக் காட்டிய ஆய்வின் பெயரே 'ரேஷன்ஸ்'. ஊட்டநிலையை உயர்த்திக் காசநோய் கிளர்வதைக் குறைத்தல் என்ற ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் நடந்தது. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் அதில் பங்கேற்றார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவு தரப்பட்டது. ஒரு பகுதி வீடுகளில் மட்டும் உடன் வாழ்பவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் தந்தார்கள். 2023இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது: உணவு கிடைத்த அந்த வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் நோய்த்தடுப்பாக வேலை செய்திருக்கின்றன.

இந்தப் பருப்புக் கணக்கைச் சென்னைக் கடையோடு ஒப்பிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராம் சொச்சம். ஆய்வில் கொடுத்தது 50 கிராம். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செறிவூட்டிய அரிசிமணிகளை, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்று கலந்து கொடுத்திருக்கிறார்கள். அது பருப்பு தரும் புரதத்தைத் தந்துவிடாது.

காசநோயாளிக்கு ஒன்றிய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறது. அது நோயாளியின் கணக்குக்குப் போகிறது. உடன் வாழ்பவர்களுக்கான உணவுப் பை, கொடையாளர் முன்வந்தால் கிடைக்கிறது. கொடுப்பவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் அதற்கு உதவி என்று பெயர். படி என்று சொல்ல முடியாது. நோயாளி வீட்டில் இருமலோடு ஒரே அறையில் உறங்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் தவறாமல், அட்டையின் பேரில், கடையிலேயே பருப்பு அளக்கப்படும் நாள் வந்தால், அந்த அரசாணையில் 'உணவுப்படி' என்று எழுதலாம். காவலருக்குப் பணமாகத் தரும்போது நாம் எழுதுகிற அதே சொல்தான்.