கதவருகே தயங்கும் வில்லன்

வில்லனை உருவாக்க முகம்கூடத் தேவையில்லை, ஒரு முக்கோணம் போதும். 1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் இரண்டரை நிமிட அனிமேஷன் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம். அவ்வளவுதான் படம். பார்த்ததை எழுதச் சொன்னபோது, முதல் குழுவின் 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் எழுதியது கதை. அதில் பெரிய முக்கோணம் அடாவடிக்காரன்.

அசைவைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு நோக்கத்தைத் தேடுவது மூளையின் பழக்கம். நோக்கம் பிடிபட்டால் அடுத்த அசைவைக் கணித்துவிடலாம். ஆபத்தானவர்கள் விஷயத்தில் இந்தக் கணிப்பு உயிர் காக்கும் வேலை என்பதால் மூளை இதில் சோம்பல் படுவதில்லை. ஆனால் அந்த முக்கோணத்தை வைத்து இரண்டரை மணி நேரப் படம் எடுத்திருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். அதற்கு இருப்பது ஒரே ஆசை. அடுத்து என்ன செய்யும் என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

நல்ல வில்லனைப் பற்றிப் பேசும்போது ‘கணிக்க முடியாதவன்’, ‘மனப்போராட்டம் உள்ளவன்’ என்று இரண்டு குணங்களைத் தனித்தனியாகச் சொல்வது வழக்கம். திரைக்கதையிலும் இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்கிறார்கள்: இங்கே திடீரென்று ஒரு கொலை, அங்கே இறந்துபோன தங்கையின் புகைப்படம். உண்மையில் முதல் குணம் இரண்டாவதன் விளைவு. போராட்டத்தைச் சரியாக அமைத்தால் கணிக்க முடியாத தன்மை தானாக வரும். போராட்டம் இல்லாமல் அதை மட்டும் ஒட்டவைத்தால் கிடைப்பவன் வில்லன் அல்ல, கிறுக்கன்.

உளவியலாளர் குர்ட் லெவின் 1930-களில் மனப்போராட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார். பிடித்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்பது முதல் வகை. சீக்கிரம் தீர்ந்துவிடும், சினிமாவுக்கு அதிகம் உதவாது. பிடிக்காத இரண்டில் ஒன்றில் மாட்டியே தீர வேண்டும் என்பது அடுத்தது, நம் இருதலைக்கொள்ளி எறும்பு. அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, செஞ்சோற்றுக் கடனுக்காக அவனுக்காகவே போருக்குப் போன கும்பகர்ணன் இந்த வகை. மனதைப் பிசைகிறான், ஆனால் களத்தில் இறங்கிய பிறகு அவன் என்ன செய்வான் என்பதில் சந்தேகம் கிடையாது. நமக்கு வேண்டியது மூன்றாவது வகை. ஒரே பொருள் அவனை இழுக்கவும் செய்கிறது, விரட்டவும் செய்கிறது.

இந்த மூன்றாவது வகைக்கு ஒரு வடிவியல் உண்டு. இலக்கை நெருங்க நெருங்க நாட்டமும் கூடும், அச்சமும் கூடும். ஆனால் அச்சம் கூடும் வேகம் அதிகம் என்று உளவியலாளர் நீல் மில்லர் 1944-ல் விளக்கினார். 1948-ல் ஜட்சன் பிரவுன் இதை எலிகளிடம் அளந்து பார்த்தார். எலிகளுக்குச் சேணம் மாட்டி, ஒரு குழு உணவை நோக்கி எவ்வளவு பலமாக இழுக்கிறது, இன்னொரு குழு மின்னதிர்ச்சி வாங்கிய இடத்திலிருந்து விலக எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பதிவு செய்தார். அதிர்ச்சி வாங்கிய இடத்தின் அருகே விலகும் இழுப்பு மிகப் பலமாக இருந்தது, தள்ளிப் போனதும் சட்டென்று வற்றியது. உணவை நோக்கிய இழுப்போ தூரத்திலும் பெரிதாகக் குறையவில்லை. இரண்டையும் கோடுகளாக வரைந்தால் நடுவில் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். இலக்கிலிருந்து அந்தப் புள்ளியைவிடத் தள்ளி இருந்தால் நாட்டம் ஜெயிக்கும், அதைவிட நெருங்கினால் அச்சம் ஜெயிக்கும். உணவும் அதிர்ச்சியும் ஒரே இடத்தில் என்றால் எலி அந்தப் புள்ளி வரை வந்து நிற்கும், பின்வாங்கும், மறுபடி வரும்.

எலிக்குப் பதில் வில்லனை நிறுத்துங்கள். எதிரியின் மகனைக் கொல்ல வேண்டும். ஆனால் தன் அப்பனைப் போல் குழந்தைகள் மேல் கை வைப்பவனாக மட்டும் ஆகிவிடக் கூடாது. திட்டம் போடும்போது அவனிடம் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இருக்காது, ஏனென்றால் இலக்கு தூரத்தில் இருக்கிறது. சிறுவன் படுத்திருக்கும் அறையின் கதவைத் தொடும்போதுதான் கை நிற்கும். திரும்பிப் போவான். தெரு முனை தாண்டியதும் அச்சம் வடிந்து வெறி மிஞ்சும், மறுபடி வருவான். பார்ப்பவருக்கு இது கணிக்க முடியாத நடத்தை. அவனுக்குள் ஓடும் கணக்கு ஒன்றுதான்.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு பரவலான பிழை கண்ணில் படும். வில்லனின் தயக்கத்தைப் பலர் தூரத்துக் காட்சியில் வைக்கிறார்கள்: இரவு, பால்கனி, கையில் மதுக்கோப்பை, வெறித்த பார்வை. தூரத்தில் அச்சம் படுத்துத் தூங்கும். தயக்கத்துக்கு இடம் கதவருகே. ‘தூரம்’ என்பது மீட்டர்தான் என்றில்லை. மணி நேரமாக இருக்கலாம், நடுவில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். அடியாளிடம் வேலையை ஒப்படைத்தால் தூரம் கூடும், அவன் கல்நெஞ்சனாவான். அடியாள் செத்து, தானே போக வேண்டி வந்தால் தூரம் சுருங்கும். வெட்டும் புள்ளியையும் நகர்த்தலாம். பசி கூடினால் எலி இன்னும் நெருங்கி வரும். அதேபோல் ஓர் அவமானம் வில்லனின் நாட்டக் கோட்டை உயர்த்தும், போதை அச்சக் கோட்டைத் தாழ்த்தும். நேற்று கதவருகே நின்றவன் இன்று உள்ளே நுழைய இவ்வளவு போதும். புதிதாக ஒரு தத்துவ வசனம் வேண்டாம்.

இனி நாற்காலியில் இருப்பவர் பக்கம். 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கம்ப்யூட்டரில் பாறைகளைப் புரட்டவைத்தார்கள். எந்தப் பாறையின் கீழ் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையைவிட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. எப்போதும் கொல்பவனைவிட, கொல்லவும் கூடும் விடவும் கூடும் என்பவன் ஏன் நம்மை வாட்டுகிறான் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை.

பாதிக்குப் பாதி என்பதைக் காக்க, மிரட்டல் உண்மை என்பது முதலிலேயே நிரூபணமாக வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முறையாவது, பார்ப்பவர் நேசிக்கத் தொடங்கிய ஒருவரிடம், சொன்னதைச் செய்து முடிக்க வேண்டும். அதன் பிறகு ஒருவரை விட்டுவிடலாம். அடுத்தடுத்து மூன்று பேரை விட்டால் ஆட்டம் முடிந்தது: மணி அடித்தும் சாப்பாடு வராவிட்டால் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறுவது நின்றுபோகும், அதுபோலத்தான் பயமும். சில சமயம் மட்டும் பலன் கிடைத்த பழக்கம், எப்போதும் கிடைத்ததைவிட மெதுவாகத்தான் மறையும். எனவே இடைவெளிகள் சீராக இல்லாமல் இருப்பது நல்லது.

அதற்காக எதை வேண்டுமானாலும் செய்பவனாக ஆக்கினாலும் கதை கெடும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், 7, 8 மாதக் குழந்தைகள் சுலபமாக ஊகிக்கக்கூடிய காட்சியிலிருந்தும், ஊகிக்கவே முடியாத காட்சியிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நடுத்தரமானதையே தொடர்ந்து பார்த்தன. கற்றுக்கொள்ள ஏதுமில்லாத இடத்தில் மூளை நேரம் செலவழிக்காது. ஆகவே முதல் மீறலுக்கு முன்னால் இரண்டு மூன்று காட்சிகளில் வில்லனுக்கு ஓர் ஒழுங்கு நிலைபெற வேண்டும். பொய் சொல்லமாட்டான், கடன் வைக்கமாட்டான், ஏதோ ஒன்று. மீறும்போது முதலில் அதிர்ச்சி வர வேண்டும். இரண்டு நொடி கழித்து, ‘ஆமாம், இவன் இதைத்தான் செய்திருப்பான்’ என்று தோன்ற வேண்டும்.

நடிகரின் கையில் இருப்பது பெரும்பாலும் நேரம். இயல்பான பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு நடுவே உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி. பத்து மொழிகளில் அளந்தும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஒரு நொடி தாண்டினாலே ஏதோ சரியில்லை என்று காது எச்சரிக்கும். வில்லன் இரண்டு நொடி கழித்துப் பதில் சொன்னால், அந்த இடைவெளியில் அவன் என்ன யோசிக்கிறான் என்று பார்ப்பவர் ஊகித்துத் தீர்ப்பார். எடிட்டர் வேகத்துக்காக அந்த மௌனத்தை வெட்டினால் போராட்டமும் சேர்ந்து வெட்டுப்படும். முகத்தை அதிகம் அசைக்கவும் வேண்டாம். சலனமில்லாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என வெவ்வேறு ஷாட்களுக்குப் பக்கத்தில் ஒட்டி, பார்ப்பவர்களே உணர்ச்சியை இட்டு நிரப்புவதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து நடிப்பவர் அந்த வேலையைத் தானே செய்து முடித்துவிடுகிறார்.

ஃப்ளாஷ்பேக் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக வில்லன்கள் சாவது அங்கேதான். சின்ன வயதில் பட்ட துன்பத்தை முழுதாகக் காட்டினால் பரிதாபம் கூடும், உண்மைதான். ஆனால் காரணம் முழுதாகக் கைக்கு வந்ததும் கணிப்பு முடிந்துவிடுகிறது; மூளை பாதுகாப்பாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். 1931-ல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘எம்’ படத்தில் குழந்தைகளைக் கொல்பவனின் இளமைக் காலம் காட்டப்படுவதே இல்லை. நார்வே இசையமைப்பாளர் க்ரீக்கின் ஒரு மெட்டை அவன் சீட்டியடிப்பதுதான் அவனுடைய அடையாளம். தன்னால் தன்னையே நிறுத்த முடியவில்லை என்று அவனாக நடித்த பீட்டர் லோரே கதறுவது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு, குற்றவாளிகளே கூடி நடத்தும் விசாரணையில். அதை முதல் அரை மணியில் வைத்திருந்தால் அந்தச் சீட்டிக்குப் பாதி பலம்கூட இருந்திருக்காது.

படப்பிடிப்புக்கு முன்பே இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. திரைக்கதையை வில்லன் கதவைத் தொடும் வரியில் நிறுத்தி, கதை தெரியாத பத்துப் பேரிடம் படிக்கக் கொடுத்து, அடுத்து என்ன செய்வான் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பத்தும் ஒரே பதிலானால் அவனுக்கு இரண்டாவது கோடு இல்லை. பத்தும் பத்து விதமானால் அவனுக்கு ஒழுங்கு இல்லை. முன்னால் உள்ள காட்சிகளைத் திருத்துங்கள். உள்ளே போவான் என்று ஐந்தாறு பேரும் திரும்பிவிடுவான் என்று மற்றவர்களும் எழுதினால், அந்தக் காட்சியில் இனி ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.