எஃப்டிபி ஏறிடுச்சு, அப்பறம் ஏன் ட்ராப் ஆகுறீங்க?

ஞாயித்துக்கிழமை சென்னை ஈசிஆர்ல சைக்கிள் க்ரூப் ரைடு முடிஞ்சு ஒன்பது மணி ஆச்சுன்னா என் வாட்ஸாப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்துடும். "கோச், என் எஃப்டிபி 230, இன்னிக்கு ஈசிஆர்ல ஆவரேஜ் 178 வாட்ஸ்தான், அப்பவும் முட்டுக்காடு தாண்டறதுக்குள்ள க்ரூப்ல இருந்து கழண்டுட்டேன், எப்படி?" எஃப்டிபின்னா ஏறக்கொறைய ஒரு மணி நேரம் விடாம தாக்குப்பிடிக்கக்கூடிய பவர், வாட்ஸ்ல. ஆள் மாறும், நம்பர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. இனிமே இந்த லிங்க்கைத்தான் அனுப்பப் போறேன்.

கடைசியா கேட்டவரோட ரைடு ஃபைலைத் தொறந்து பாத்தேன். யூ டர்ன் போட்டு வெளிய வர்ற இடத்துல 25 செகண்டுக்கு 470 வாட்ஸ், அதாவது எஃப்டிபி மாதிரி ரெண்டு மடங்கு. மூச்சு அடங்கறதுக்குள்ள முன்னாடி யாரோ இழுத்திருக்காங்க, மறுபடி 40 செகண்ட் 350. நடுவுல அடுத்தவர் வீல்ல ஒட்டிக்கிட்டு பெடல் பண்ணாம உருண்டதெல்லாம் ஜீரோ ஜீரோவா விழுந்து ஆவரேஜைக் கீழ இழுத்துடுச்சு, அதே ரைடோட நார்மலைஸ்டு பவர், அதாவது ஏத்த இறக்கத்தையும் கணக்குல எடுத்து உடம்பு நிஜமா பட்ட கஷ்டத்தைக் காட்டற நம்பர், 226. க்ரூப் ரைடுல உங்களைக் கழட்டி விடறது ஆவரேஜ் இல்லங்க, அந்த நாலஞ்சு சர்ஜ், அதாவது திடீர் வேகப் பாய்ச்சல். அதுலயும் இவர் எப்பவும் கடைசி ஆள். முன்னாடி இருக்கறவன் திருப்பத்துல லேசா பிரேக் தொட்டு கிளம்பிடுவான், கடைசில இருக்கறவன் கிட்டத்தட்ட நின்னுட்டு ஸ்ப்ரின்ட் அடிச்சுத்தான் கேப்பை மூடணும். திருப்பத்துக்கு முன்னாடியே க்ரூப்ல முன்னுக்கு வந்து முதல் பத்து பேருக்குள்ள ஒக்காருங்க, காசு செலவில்லாத வாட்ஸ் அது.

இப்ப எனக்கு ரத்தக்கொதிப்பு ஏத்தற விஷயத்துக்கு வரேன். "ஸோன் 2ல ஓட்டினா ஸ்லோ ஆயிடுவேன் கோச்." யாருங்க சொன்னா? ஸோன்னா எஃப்டிபியை வெச்சுப் பிரிச்ச கஷ்டத்தோட அளவு, 2 ஈஸி, 5 ரொம்ப கஷ்டம். 230 எஃப்டிபிக்கு ஸோன் 2ன்னா ஏறக்கொறைய 130ல இருந்து 172 வாட்ஸ் வரைக்கும். நான் ஈஸி ரைடுன்னு எழுதிக் குடுத்தா செவ்வாக்கிழமை 195, வியாழக்கிழமை 200, சனிக்கிழமை எவனோ ஓவர்டேக் பண்ணிட்டான்னு 205. இது எல்லாமே ஸோன் 3. வெந்தும் வேகாத சோறு மாதிரி, ரெஸ்டும் இல்ல, உருப்படியான ஹார்ட் வொர்க்கும் இல்ல. ஸோன் 3 கெட்டதுன்னு சொல்லல, நான் குடுத்தா ஓட்டுங்க, வாரம் பூரா அதையே ஓட்டாதீங்க. ஒரு சர்ஜ் அடிச்சிட்டு அடுத்த சர்ஜுக்குள்ள ரெகவர் ஆகற சக்தி இந்த போரடிக்கற ஈஸி ரைடுலதான் வளருது, அதுமட்டும் இல்ல, அன்னிக்கு கால் ஃப்ரெஷ்ஷா இருந்தாத்தான் மறுநாள் ஸோன் 5 நிஜமாவே ஸோன் 5ஆ இருக்கும். பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா? ஸோன் 2. மூணு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதா? கியரைக் கொறைங்க. ஈகோவையும்.

வாரத்துல ரெண்டே ரெண்டு நாள் கஷ்டப்படுங்க. ஒரு நாள் மூணு நிமிஷம் ஸோன் 5, மூணு நிமிஷம் ரெஸ்ட், அஞ்சு தடவை. இன்னொரு நாள் 30 செகண்ட் எஃப்டிபிக்கு நல்லா மேல போயிட்டு, ரெஸ்ட் எடுக்காம நேரா டெம்போவுக்கு, அதாவது ஸோன் 3க்கு எறங்கி அங்கயே ரெண்டு நிமிஷம் பிடிச்சு, திரும்ப மேல. க்ரூப் ரைடுல நடக்கறது இதுதான், சர்ஜ் முடிஞ்சதும் யாரும் உங்களுக்காக நிக்கப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை ரைடு இருந்தா அதுவே அந்த ரெண்டுல ஒண்ணு, மூணாவது கிடையாது.

அப்பறம் அந்த எஃப்டிபி நம்பரே சரியா? 20 நிமிஷம் முழு மூச்சா ஓட்டற டெஸ்ட்ல வந்த ஆவரேஜ் வாட்ஸை அப்படியே போட்டுக்கறாங்க, அதுல 95 சதவீதம்தான் எடுக்கணும். பவர் மீட்டரே இல்லாம ஆப் குத்துமதிப்பா காட்டற வாட்ஸை வெச்சு ஸோன் போட்டா நான் என்ன பண்றது? மீட்டர் இருக்கறவங்க ஏசி ரூம்ல இருந்து வண்டியை வெளிய எடுத்து கொஞ்ச நேரம் விட்டுட்டு ஜீரோ ஆஃப்செட் பண்ணுங்க, அதாவது பெடல் மிதிக்காதப்ப மீட்டர் ஜீரோ காட்டற மாதிரி செட் பண்ணுங்க. மே மாசத்துல அதே வாட்ஸுக்கு ஹார்ட் ரேட் எகிறத்தான் செய்யும், அன்னிக்கு நம்பரைத் துரத்தாதீங்க.

தயவுசெஞ்சு மேக்ஸ் டெஸ்ட்டை ஈசிஆர் ட்ராஃபிக்ல பண்ணாதீங்க, வீட்ல சைக்கிளை மாட்டி ஓட்டற ட்ரெயினர் ஸ்டாண்டுல பண்ணுங்க. நாப்பது தாண்டினவங்க, பிபி சுகர் இருக்கறவங்க, அதுக்கும் முன்னாடி டாக்டரைப் பாத்துட்டு வாங்க. நெஞ்சு இறுக்கம், தலைசுத்தல் வந்தா சர்ஜும் வேணாம் ஒண்ணும் வேணாம், நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. பெலோட்டன்குள்ள, அதாவது நெருக்கமா ஓட்டற கூட்டத்துக்குள்ள இருக்கும்போது ஹேண்டில்பார்ல இருக்கற கார்மின் கம்ப்யூட்டரைப் பாக்கவே பாக்காதீங்க. முன்னாடி போறவர் வீலைப் பாக்காம வாட்ஸைப் பாத்துக்கிட்டு போய் காலர்போன் ஒடைஞ்சு வர்றவங்களுக்கு நான் ஸோன் போட்டுத் தர முடியாது, ஃபிசியோ நம்பர்தான் தர முடியும்.